உறுமும் கிட்டார்: கேள்வி பதில்

மின்கிட்டாரைச் செருகியதும் கேட்கும் வேண்டாத உறுமலைப் பற்றிச் சென்னையின் பல பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு, ஆம்பிளிபயர் பழுதுபார்க்கும் மூத்தவர் ஒருவர் பதில் சொல்கிறார்.

சூளைமேடு, கல்லூரி மாணவர்: அண்ணா, ஆம்பைப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்கிறது. கிட்டார், கேபிள், ஆம்ப் மூன்றில் எதைச் சந்தேகிப்பது?

சந்தேகத்தை ஒதுக்கிவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள் தம்பி. முதலில் ஆம்பிலிருந்து கேபிளை உருவுங்கள். உறுமல் அப்படியே இருந்தால் கோளாறு ஆம்பில், அல்லது அதற்கு வரும் மின்சாரத்தில். நின்றுவிட்டால் கேபிளை மீண்டும் செருகி, கிட்டாரின் வால்யூமை முழுவதுமாகக் குறையுங்கள். இப்போது அமைதி என்றால், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்தான் இரைச்சலைப் பிடிக்கிறது. அமைதி இல்லையென்றால், ஒலியை மாற்றக் காலால் இயக்கும் பெடல்களை விட்டுவிட்டு நேரடியாக ஆம்பில் செருகுங்கள். பிறகு கேபிளை மாற்றுங்கள். ஸ்பீக்கர் கேபிளைக் கிட்டாருக்குச் செருகியிருப்பவர்கள் எத்தனையோ பேர். அதில் இரைச்சலைத் தடுக்கும் கவசப் பின்னல் கிடையாது, உறுமத்தான் செய்யும்.

சுருதியையும் கவனியுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தடித்த ஈ தந்தியின் மூன்றாம் கட்டத்தில் பிறக்கும் ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். உறுமல் அதைவிட மயிரிழை மேலே நின்றால் 100 ஹெர்ட்ஸ். ஆம்பின் பவர் சப்ளையில் உள்ள கெப்பாசிட்டர்கள் தளர்ந்திருக்கலாம். ஒரு ஸ்தாயி கீழே என்றால் 50. எர்த் இணைப்பையோ பக்கத்து டிரான்ஸ்பார்மரையோ பாருங்கள். சின்ன ஸ்பீக்கரில் 50 சரியாகக் கேட்காது என்பதால் இதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. வால்வ் ஆம்பாக இருந்தால் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கை உருவிய பின்னும் உள்ளே சில நூறு வோல்ட் தங்கியிருக்கும்.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: பகலில் அமைதியாக இருக்கிறது. இரவில் ‘ஸ்ர்ர்’ என்று கீறுகிறது. மின்தடை வந்து இன்வெர்ட்டர் ஓடினால் இன்னும் மோசம்.

ஐயா, வட்டமாகத் திருகும் பழைய மின்னணு ரெகுலேட்டர் உங்கள் விசிறிக்கு இருக்கிறதா? டிம்மர் விளக்கு? இரண்டும் மின்னலையை நடுவில் வெட்டுகின்றன; அந்த வெட்டுத்தான் காதில் கீறுகிறது. விசிறியை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். கெப்பாசிட்டர் வைத்த, படிப்படியாக மாறும் ரெகுலேட்டருக்கு மாறுவது நல்லது. உங்கள் இன்வெர்ட்டர் சதுர அலை வகை போலிருக்கிறது. அடுத்த முறை சைன் வேவ் என்று கேட்டு வாங்குங்கள்.

திருவான்மியூர்: தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது, கையெடுத்தால் கூடுகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். தந்திகள் கிட்டாருக்குள் எர்த்துடன் இணைந்திருக்கின்றன. இரைச்சலை ஏந்தி நிற்கும் உங்கள் உடல், தந்தியைத் தொட்டதும் அதை எர்த்துக்கு இறக்கிவிடுகிறது. தலைகீழாக, தொட்டால் கூடினால் ஜாக்கில் இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருக்கின்றன. ஜாக்கை அசைத்தால் ‘கரகர’ என்பது வேறு வியாதி, கடற்காற்று தந்தது. கான்டாக்ட் கிளீனர் போதும்.

அண்ணா நகர்: உள்ளே முழுக்கச் செப்புத் தாள் ஒட்டிவிட்டேன். உறுமல் கொஞ்சமும் குறையவில்லை, சார்.

செப்புத் தாள் மின்புலத்தைத் தடுக்கும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் அந்த மெல்லிய தாளைக் கண்டுகொள்ளாமல் உள்ளே வரும். ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் அதையும் சேர்த்தே பிடிக்கும். அதன் பிறவிக் குணம் அது. இதற்காகத்தான் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களை இணைத்து ஹம்பக்கர் என்ற பிக்கப்பை உருவாக்கினார். உங்களுடையது மூன்று பிக்கப் கொண்ட ஸ்ட்ராட் வகை என்றால் சுவிட்சை இரண்டாவது, நான்காவது நிலைகளில் வைத்துப் பாருங்கள். நடு பிக்கப்பை எதிராகச் சுற்றியிருந்தால் அங்கே அமைதி கிடைக்கும். கிட்டாரோடு மெல்லத் திரும்பியும் பாருங்கள், ஏதோ ஒரு திசையில் உறுமல் அடங்கும். ஒட்டிய தாள் எர்த்தைத் தொடுகிறதா என்று மல்டிமீட்டரில் சோதித்தீர்களா? தொடாமல் விட்ட தாளால் பயனில்லை.

பெரம்பூர், தேவாலய இசைக்குழு: அண்ணே, மேடையில் கீபோர்டையும் கிட்டார் ஆம்பையும் ஒலிகளைக் கலக்கும் மிக்சரில் இணைத்தால்தான் உறுமுகிறது. ஆம்ப் பிளக்கின் எர்த் முள்ளை எடுத்ததும் நின்றுவிட்டது. ஆனால் மைக்கில் உதடு பட்டால் சுள்ளென்கிறது.

அந்த முள்ளை இன்றே திரும்பப் பொருத்துங்கள். அதுவரை அந்த ஆம்பைத் தொடாதீர்கள்.

நடப்பது இதுதான். ஆம்ப் ஒரு சாக்கெட்டிலும் மிக்சர் மண்டபத்தின் மறுகோடியிலும் எர்த்தைப் பிடிக்கின்றன. இரண்டு எர்த்துக்கும் இடையே சிறிய வோல்ட் வித்தியாசம் இருக்கும். கேபிளின் கவசப் பின்னல் இரண்டையும் இணைத்து வளையமாக்கிவிட, அதில் ஓடும் மின்னோட்டமே உறுமல். முள்ளை எடுத்தால் வளையம் அறும், உறுமல் நிற்கும். ஆனால் ஆம்புக்குள் ஃபேஸ் ஒயர் உலோகப் பெட்டியில் பட்டுவிட்டால், எர்த்துக்குப் போக வேண்டிய 230 வோல்ட் உங்கள் தந்தி வழியாக வந்து, உதட்டு வழியாக மைக்கில் இறங்கும். 1972-இல் பிரிட்டனின் ஸ்வான்சி நகர மேடையில், ‘ஸ்டோன் தி க்ரோஸ்’ குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். உங்களுக்குச் சுள்ளென்றது அதே வகை எச்சரிக்கை.

சரியான வழிக்குச் செலவு அதிகமில்லை. மேடைக் கருவிகள், மிக்சர் எல்லாவற்றுக்கும் ஒரே சாக்கெட்டிலிருந்து நல்ல எக்ஸ்டென்ஷன் இழுங்கள். அப்படியும் உறுமினால் ஆம்புக்கும் மிக்சருக்கும் இடையே, கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ள டிஐ பாக்ஸ் என்ற சிறு இணைப்புப் பெட்டியை வையுங்கள். அந்தச் சுவிட்ச் ஒலிக் கேபிளின் எர்த் இணைப்பை மட்டுமே துண்டிக்கும், மின் எர்த்தைத் தொடாது. வாசிக்கும் முன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைத் தந்தியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் வையுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வாசிக்க வேண்டாம். ரிச்சி தெருவில் ஒரு மல்டிமீட்டர் வாங்கிக் கிட்டார் உறையிலேயே போட்டுவையுங்கள்.

கட்டடத்தின் எர்த்தையும் எலக்ட்ரீஷியனை வைத்து அளக்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்தால் மண்ணின் மின்தடை ஏறும். குழியில் தண்ணீர் ஊற்றும் பழைய வழக்கம் வெறும் சம்பிரதாயம் இல்லை. மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாவிட்டால் அதையும் பொருத்தச் சொல்லுங்கள்.

போரூர், மென்பொருள் ஊழியர்: லேப்டாப்பில் பதிவு செய்யும்போது, சார்ஜரைச் செருகினால் மட்டும் இரைச்சல்.

சார்ஜரை உருவிவிட்டு பேட்டரியிலேயே பதிவு செய்யுங்கள். மூன்று முள் சார்ஜரை இரண்டு முள் அடாப்டர் வழியாகச் செருகியிருந்தால் அதை முதலில் தூக்கி எறியுங்கள். ஒரே அடாப்டரிலிருந்து பல பெடல்களுக்குக் கிளை பிரித்தாலும் இதே சிக்கல் வரும். ஒரு பெடலை மட்டும் 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வேளச்சேரி: இவ்வளவு எதற்கு? ஒரு நாய்ஸ் கேட் வாங்கினால் முடிந்ததே?

வாசிக்காத நேரத்தில் மட்டும்தான் அது ஒலிக்குக் கதவைச் சாத்தும். ஸ்வரம் ஒலிக்கும்போது உறுமலும் கூடவே போகும். மேலே சொன்னதையெல்லாம் செய்துவிட்டு, மிச்சமிருக்கும் இரைச்சலுக்கு வாங்குங்கள். ஒலியை முரடாக்கும் டிஸ்டார்ஷன் பெடலுக்குப் பின்னும், எதிரொலி தரும் டிலே பெடலுக்கு முன்னும் வையுங்கள். டிலேக்குப் பின்னால் வைத்தால் எதிரொலி பாதியில் அறுந்துவிடும்.