திபேரியஸ் வெள்ளிக்காசு வாங்கலாமா?

கேள்வி: நாணயக் கண்காட்சி ஒன்றில் ஒருவர் ரோமானிய வெள்ளிக்காசு காட்டினார். ஒரு பக்கம் பேரரசர் திபேரியஸின் தலை, மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் பெண். கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்ததாம். விலை 6,000 ரூபாய், ரசீது கிடையாது. எடை 2.9 கிராம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கரூரில் ரோமானியக் காசுகள் கிடைத்திருப்பது உண்மை. அதனால்தான் அந்தக் கதை எடுபடுகிறது. ஆனால் மண்ணில் கிடைத்த புதையலை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். பழம்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும் என்கிறது 1972ஆம் ஆண்டுச் சட்டம். அவர் சொன்னது நிஜமென்றால் உங்களுக்குத்தான் தலைவலி.

எடையும் உதைக்கிறது. திபேரியஸ் காலத்து தினாரியஸ் (இந்த வகை வெள்ளிக்காசின் பெயர்) பெரும்பாலும் மூன்றரை கிராமுக்கு மேல் நிற்கும். எடையை அவருக்குப் பின் வந்த பேரரசர் நீரோ குறைத்ததே கி.பி. 64இல்தான். செம்பின் மேல் வெள்ளி போர்த்திய கள்ளக்காசு அந்தக் காலத்திலேயே உண்டு, அதுவும் எடை குறையும். ஆக, போலியாக இருந்தாலும் அது பழைய போலியாக இருக்கலாம்!

இனி உருவம். தலையைச் சுற்றி 'தெய்வமான அகஸ்டஸின் மகன்' என்று லத்தீனில் இருக்க வேண்டும். மறுபக்கம் 'தலைமைப் பூசாரி' என்ற பட்டம். பெண்ணின் ஒரு கையில் செங்கோல், மறு கையில் கிளை. அவள் திபேரியஸின் தாய் லிவியா என்று விற்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். காசில் அப்படிப் பெயர் எதுவும் இல்லை. இயேசு கொண்டுவரச் சொல்லிப் பார்த்த வரிக்காசு இதுதான் என்று பலர் நம்புவதால் கிராக்கி அதிகம், போலியும் அதிகம். எழுத்துகளில் வளைந்த 'யூ' தென்பட்டால் அப்படியே வைத்துவிடுங்கள்; அந்தக் காலக் காசில் அந்த இடத்தில் 'வி' மட்டுமே வரும்.

விளிம்பை லென்ஸில் பாருங்கள். அசல் காசு சுத்தியலால் அடித்தது; அதில் சிறு வெடிப்பு இருக்கலாம், பரவாயில்லை. சுற்றிலும் அராவிய தடம் இருந்தால் அது உருக்கி ஊற்றிய வார்ப்பு, போலி. அவரிடமே இன்னொரு திபேரியஸ் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையால் அடித்ததில் தலை ஒன்றில் ஒதுங்கியிருக்கும், மற்றதில் எழுத்து வெட்டுப்பட்டிருக்கும். கீறல்கூட ஒரே இடத்தில் இருந்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை.

ஆசை விடவில்லையா? சரி, முதலில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் அசலைப் பாருங்கள். அப்புறம் உரிமம் உள்ளவரிடம் போங்கள். எடை, விட்டம், படம் மூன்றும் உள்ள ரசீதும், போலி என்றால் பணம் திரும்பும் என்ற வரியும் கேளுங்கள்.