தூக்கத்தில் மூளை மூச்சு விட மறந்துவிட்டால்?

கேள்வி: எனக்கு 43 வயது. ஒருநாள் ராத்திரி விசித்திரமாக ஒரு எண்ணம் வந்தது. தூங்கும்போது மூச்சு விட வேண்டும் என்பதையே மூளை மறந்துவிட்டால் என்ன ஆகும்? அன்றிலிருந்து படுத்ததும் மூச்சை எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். தும்மினால் இதயம் ஒரு நொடி நிற்குமாம், தூக்கத்தில் நாக்கை விழுங்கிவிடுவோமாம், கண் அசரும்போது உடம்பு தூக்கிப்போடுவது இதயம் நின்று ஓடுவதாம். வீடியோக்களில் சொல்கிறார்கள். பயத்தில் நான்கு நாளாக அம்மாவின் தூக்க மாத்திரையில் பாதி போட்டுக்கொள்கிறேன். என் குறட்டை நடுவில் நின்றுபோய், பிறகு திணறலோடு திரும்ப வருகிறது என்று மனைவி ஒரு வருடமாகச் சொல்கிறார். பகலில் உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. மாத்திரையால்தானா?

பதில்: அந்த மாத்திரையை இன்றிரவு தொடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூச்சு என்பது நினைவில் வைத்துச் செய்யும் வேலை இல்லை. அதனால் மறந்துபோகவும் வழியில்லை. மூளையின் அடியில், கழுத்துக்குச் சற்று மேலே, முகுளம் இருக்கிறது. அதற்குள் உள்ள ஒரு சின்ன நரம்பணுக் கூட்டம்தான் மூச்சுக்குத் தாளம் போடுகிறது. 1991-இல் ஜெஃப்ரி ஸ்மித், ஜாக் ஃபெல்ட்மேன் குழுவினர் பிறந்து சில நாளே ஆன எலியின் மூளையிலிருந்து அந்தப் பகுதியை மெல்லிய சீவலாக வெட்டி எடுத்தார்கள். உடம்பே இல்லாமல், தனியாகக் கிடந்த அந்தச் சீவலும் மூச்சின் தாளத்தை விடாமல் எழுப்பியது. உங்கள் முகுளம் இதே வேலையை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20,000 தடவை செய்கிறது. நீங்கள் எண்ணினாலும் எண்ணாவிட்டாலும் அது நடக்கும்.

இதற்கு ஒரு காவலும் உண்டு. மூச்சு குறைந்தால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும். முகுளம் அதை உடனே கண்டுகொண்டு மூச்சை முடுக்கும். மூச்சை அடக்கினால் சற்று நேரத்தில் நெஞ்சு முட்டுவது ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் இல்லை, கார்பன் டை ஆக்சைடு ஏறியதால். தரையில் இருக்கும் ஆரோக்கியமான ஒருவர் எவ்வளவு பிடிவாதமாக அடக்கினாலும், மிஞ்சிப்போனால் மயங்குவார். மயங்கியதும் மூச்சு தானாகத் திரும்பும். தண்ணீருக்குள் அப்படி இல்லை. வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்குபவர்களுக்குக் கார்பன் டை ஆக்சைடு முன்னமே வெளியேறிவிடுவதால், நெஞ்சு முட்டாமலே மயங்கி மூழ்கிப்போகிறார்கள். அந்த விளையாட்டு மட்டும் யாருக்கும் வேண்டாம்.

தூங்கினால் மூச்சின் தூண்டுதல் நிஜமாகவே தளர்ந்துபோகும் பிறவி நோய் ஒன்று உண்டு. ஃபாக்ஸ்2பி என்ற மரபணுவில் வரும் மாற்றம் அதற்குக் காரணம் என்று 2003-இல் தெரியவந்தது. அந்தக் குழந்தைகள் தூங்கும்போதெல்லாம் மூச்சுக்கருவி வேண்டும். மிக அரிதான நோய். பெரும்பாலும் பிறந்த சில நாட்களிலேயே வெளிப்பட்டுவிடும். 43 வருடம் கருவி எதுவும் இல்லாமல் தூங்கி எழுந்திருக்கிறீர்கள். இதை விட்டுவிடுங்கள்.

தும்மும்போது இதயம் நிற்காது. நெஞ்சுக்குள் அழுத்தம் மாறுவதால் துடிப்பின் சீர் லேசாக மாறலாம், அவ்வளவுதான். கண் அசரும் நேரத்தில் தூக்கிப்போடுவது தசைகளின் வேலை, இதயத்துக்கு அதில் பங்கில்லை. ஏகப்பட்ட பேருக்கு வருவதுதான். நாக்கை விழுங்கவே முடியாது, வாயின் அடித்தளத்தோடு சேர்ந்தே இருக்கிறது. ஆனால் மல்லாந்து படுத்தால் அது பின்பக்கமாகச் சரியும். உங்கள் கடிதத்தில் நான் பயப்படும் இடம் இங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் மனைவி சொன்னதைக் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் படித்தது அதைத்தான். குறட்டை, பிறகு நிசப்தம், பிறகு திணறல். அந்த நிசப்தத்தில் மூளை எதையும் மறக்கவில்லை. மூச்சை இழு என்று கட்டளை போய்க்கொண்டே இருக்கிறது, நெஞ்சும் வயிறும் இழுத்துப் பார்க்கின்றன, ஆனால் தொண்டை மூடிக் கிடக்கிறது. தொண்டையின் அந்தப் பகுதியைத் திறந்து பிடிக்க எலும்பு இல்லை, தசைகள்தான். தூக்கத்தில் அவை தளர்ந்து, நாக்கும் சரிந்து, வழி அடைபடுகிறது. ஆக்சிஜன் இறங்கியதும் மூளை உங்களை அரைகுறையாக எழுப்பித் தொண்டையைத் திறக்கிறது. உங்களுக்கு அது நினைவில்கூட இருக்காது. இதற்கு ஸ்லீப் அப்னியா என்று பெயர்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். பல தூக்க மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், மூளை எழுப்புவதையும் தாமதப்படுத்தும். உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் ஒரே விஷயத்தை நீங்களே மருந்து போட்டு மழுக்குகிறீர்கள். மதுவும் அதையேதான் செய்யும். இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்த மருந்தை எடுத்துப் போடும் பழக்கத்தை எத்தனை முறை கண்டித்தாலும் விடமாட்டேன் என்கிறார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நீங்கள் நான்கு நாள்தான் போட்டிருக்கிறீர்கள், அதனால் நிறுத்திவிடலாம். மாதக்கணக்கில் தினமும் போடுபவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வாயை டேப் போட்டு ஒட்டிக்கொண்டு தூங்கச் சொல்லும் வீடியோ கண்ணில் பட்டால் அதையும் செய்யாதீர்கள். கைக்கடிகாரம் காட்டும் ஆக்சிஜன் அளவை வைத்து நோய் இல்லை என்று முடிவுகட்டவும் வேண்டாம்.

பகல் தூக்கத்துக்கு நான்கு நாள் மாத்திரையும் கொஞ்சம் காரணமாக இருக்கலாம். ஆனால் மனைவி ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சிகிச்சையில்லாமல் விட்டால் இரத்த அழுத்தம் ஏறும். இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் வரும் அபாயமும் கூடும். எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது விபத்து. பகலில் கண் சொக்குவது தீரும்வரை வண்டி ஓட்டாதீர்கள்.

நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ இந்த வாரமே பாருங்கள். ஒரு இரவு தூக்கப் பரிசோதனை செய்வார்கள். 10 வினாடிக்குக் குறையாமல் மூச்சு நிற்பதையும், வெகுவாகக் குறைவதையும் எண்ணுவார்கள். மணிக்கு 5-க்குக் கீழ் என்றால் கவலை இல்லை, 30-ஐத் தொட்டால் தீவிரம். மருந்து என்று பெரிதாக ஒன்றும் தேவைப்படாமல் போகலாம். உடல் எடை கூடியிருந்தால் குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது சிலருக்குப் போதும். மற்றவர்களுக்கு சிபேப் கருவி இருக்கிறது. முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சலிவன் 1981-இல் அறிமுகப்படுத்தியது, இன்றும் முதன்மையான சிகிச்சை அதுதான்.

இன்றிரவு நீங்கள் தூங்கும்போது ஐந்து நிமிடம் போனில் வீடியோ எடுக்க மனைவியிடம் சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். மூச்சு எத்தனை முறை நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று டாக்டர் கேட்பார். பதில் சொல்ல உங்களால் முடியாது.