கேள்வி பதில்: புற்றுநோய் ஆய்வுக்கான ஹிஸ்டோ லேப்

பல ஆய்வுக் குழுக்களுக்குப் பொதுவாக, திசுவை பாரஃபின் மெழுகில் பதித்து பிளாக் போட்டு, அதிலிருந்து மெல்லிய சீவலாக செக்‌ஷன் வெட்டி, ஸ்டெயின் செய்து (சாயமேற்றி) கொடுக்கும் கோர் லேபில் வேலை செய்கிறேன். கேளுங்கள். வீட்டில் யாருடைய பயாப்ஸி ரிப்போர்ட்டுக்காவது விளக்கம் வேண்டுமென்றால் அவர்களுடைய டாக்டரிடம் போங்கள், இங்கே வேண்டாம்.

எலியிடமிருந்து எடுத்த கட்டியை சலைனில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் அனுப்பலாமா?

கூடாது. ரத்த ஓட்டம் நின்றதுமே செல்லின் நொதிகள் செல்லையே கரைக்க ஆரம்பித்துவிடும், சலைன் அதைத் தடுக்காது. 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் (அதில் உள்ள ஃபார்மால்டிஹைடு 4 சதவீதம்தான்) திசுவைப் போல 10 மடங்காவது ஊற்றி, உடனே போடுங்கள். பெரிய கட்டி என்றால் 5 மி.மீ. தடிமனுக்கு மேல் போகாமல் நறுக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் வெளியே பதப்பட்டு உள்ளே அழுகியிருக்கும். மனித மார்பகக் கட்டியில் ஹெர்-2 என்ற புரதத்தைப் பார்க்க ஆஸ்கோ, கேப் என்ற அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர், பேத்தாலஜிஸ்ட் அமைப்புகளின் வழிகாட்டி சொல்வது, எடுத்த 1 மணி நேரத்துக்குள் ஃபார்மலின், அதில் 6 முதல் 72 மணி நேரம். அதற்கு முன்னால் கெட்டுப்போனதை எங்கள் லேபில் எந்த மெஷினும் சரிசெய்யாது. கேசட்டில் (திசு வைக்கும் சின்ன பிளாஸ்டிக் பெட்டி) பென்சிலால் எழுதுங்கள், சாதா மார்க்கர் மை ஆல்கஹாலிலும் சைலீனிலும் போய்விடும்.

வெஸ்டர்ன் பிளாட்டில் (திசுவிலிருந்து எடுத்த புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் சோதனை) அருமையாக வந்த ஆன்டிபாடி, ஐ.ஹெச்.சி.யில் (ஸ்லைடில் உள்ள திசுவிலேயே ஆன்டிபாடியால் புரதத்தைக் காட்டும் ஸ்டெயின்) வரவே இல்லை. லேப் தப்பா?

ஆன்டிபாடி பாட்டிலோடு வந்த தாளைப் பார்த்தீர்களா? வெஸ்டர்னில் புரதத்தை எஸ்.டி.எஸ். என்ற சோப்பு மாதிரிப் பொருள் போட்டுப் பிரித்து நீட்டிவிடுகிறீர்கள். பாரஃபின் செக்‌ஷனில் அதே புரதம் மடிந்தபடியே, ஃபார்மலின் போட்ட குறுக்குப் பிணைப்புகளில் சிக்கிக் கிடக்கிறது, ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய இடம் மூடியிருக்கலாம். அதைத் திறக்க சிட்ரேட்டில் பிஹெச் 6, ஈடிடிஏவில் பிஹெச் 9, இரண்டிலும் சூடாக்கிப் பார்க்க வேண்டும். கூடவே அந்தப் புரதம் கட்டாயம் இருக்கும் ஒரு திசுவை கன்ட்ரோலாக அனுப்புங்கள். கன்ட்ரோல் இல்லாமல் வரும் ஸ்லைடில் ஸ்டெயின் வந்தாலும் நான் நம்பமாட்டேன்.

ஃபார்மலின் தீர்ந்துவிட்டது, சலைன் போதுமா?

முதல் பதில்.

எலும்புக் கட்டியை ஆசிட்டில் போட்டு மென்மையாக்கிய பிறகு டிஎன்ஏ எடுக்க முடியுமா?

வலுவான ஆசிட் என்றால் பெரும்பாலும் முடியாது. கால்சியத்தை மெதுவாக இழுக்கும் ஈடிடிஏவில் போடுங்கள், நாளாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசு கட்டித்தானே செய்கிறோம், அப்புறம் ஆய்வுப் பேப்பரில் எதற்கு உங்கள் பெயர்?

வெட்டிக் கொடுத்த செக்‌ஷனுக்கு நன்றியுரையில் லேபின் பெயர் போதும். அதையும் விட்டுவிடாதீர்கள், அடுத்த நிதி கேட்கும்போது நாங்கள் காட்டுவது அந்த வரிகளைத்தான். ஆனால் ஒரு பேத்தாலஜிஸ்ட் (திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டர்) உட்கார்ந்து 200 ஸ்லைடைப் பார்த்து, இது கட்டி, இது வெறும் அழற்சி என்று பிரித்து மார்க் போட்டு, உங்கள் முக்கியமான படமே அந்த எண்களில் நிற்கிறது என்றால், அவரையும் எழுத்துவேலையில் சேர்த்து கட்டுரை ஆசிரியராகப் போடுவதுதான் நியாயம்.

அவர் சம்பளம் வாங்கித்தானே பார்க்கிறார்?

உங்கள் பேராசிரியர் சும்மாவா வேலை பார்க்கிறார்?

எங்கள் ஊரில் ஸ்லைடையே பார்க்காத துறைத்தலைவர் பெயர் எல்லா பேப்பரிலும் வருகிறது. அதைக் கேட்க மாட்டீர்களா?

கேட்கிறேன், அதுவும் தப்புதான். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் ஐசிஎம்ஜேஇ குழு, பேப்பரில் ஆசிரியராகப் பெயர் போட நான்கு கேட்கிறது: வேலையில் பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு. துறைத்தலைவரையும் பேத்தாலஜிஸ்டையும் இதே தராசில் வையுங்கள். ஆனால் துறைத்தலைவர் பெயர் சும்மா வருகிறது என்பதற்காக வேலை செய்தவர் பெயரை வெட்டுவது என்ன கணக்கு? இந்தச் சண்டையை ஸ்லைடு பார்க்கும் முன்பே, முதல் மீட்டிங்கிலேயே, போட்டு முடித்துவிடுங்கள்.

பழைய பிளாக்கிலிருந்து ஆர்என்ஏ வருமா?

வரும், துண்டு துண்டாக. அதற்கேற்ற கிட்டை வாங்குங்கள். முழு நீள ஆர்என்ஏ வேண்டுமென்றால் எடுத்த உடனே உறையவைத்த திசுதான்.

சலைனில்

முதல் பதில்!

ஃபார்மலினிலேயே மூன்று வாரமாகக் கிடக்கிறது, பிரயோஜனம் உண்டா?

ஹெச் அண்ட் ஈ (வழக்கமான ஊதா, இளஞ்சிவப்பு ஸ்டெயின்) பார்க்கலாம். ஐ.ஹெச்.சி.யில் சில ஆன்டிபாடி வரும், சிலது வராது, டிஎன்ஏவும் அடிவாங்கியிருக்கும். எத்தனை நாள் கிடந்தது என்பதை ஃபாரத்தில் மறைக்காமல் எழுதி அனுப்புங்கள். பென்சிலால்.