தேக்கு பீரோவுக்கு என்ன விலை கேட்கலாம்?

கேள்வி: தாத்தா காலத்துத் தேக்கு பீரோவைக் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. தேக்குக்குக் கன அடிதான் கணக்கு. ஒவ்வொரு பலகையின் நீளம், அகலம், கனத்தை அங்குலத்தில் அளந்து பெருக்கி, 1728-ஆல் வகுங்கள். 72 அங்குல நீளம், 12 அகலம், 1 கனமுள்ள பலகை அரை கன அடி. இரண்டு மூன்று மரக்கடைகளில் பழைய தேக்கின் கன அடி விலையை விசாரித்துப் பெருக்கினால் வருவது அடிமட்ட விலை. அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

ஆனால் முழுத் தேக்குதானா என்று பாருங்கள். ஒட்டுப் பலகையென்றால் விளிம்பில் அடுக்குகள் தெரியும். முதுகுப் பலகை வேறு மரமாக இருந்தால் கழித்துவிடுங்கள். துளைகளுக்கடியில் புதுத் தூள் உதிர்ந்தால் வண்டு இன்னும் அரிக்கிறது, விலை குறையும். செதுக்கு வேலைப்பாடு, பித்தளைப் பூட்டு, அசல் கண்ணாடிக்குத் தனியாகப் பேசுங்கள். பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள், பழமையைத் தேடி வாங்குபவருக்குப் பழைய மேற்பூச்சுதான் வேண்டும்.