புது விலங்கு வீட்டுக்கு வந்தால்: பினாங்கு வாசகர் கேள்விகளும் பதில்களும்

அக்கா, ஜெலுத்தோங்கில் பிளாட் வீடு. நாலு வயது ஆண் பூனை இருக்கிறது. பாசார் பக்கம் கிடைத்த குட்டியை நேற்று கொண்டுவந்து நேரே முன்னால் விட்டோம். பெரியது சீறிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. இனி சேராதா?

சேரும் தம்பி. ஆனால் இப்போதே பிரித்து வையுங்கள். குட்டிக்கு ஓர் அறை, அதில் தனி மணல் தட்டு, தண்ணீர், மின்விசிறி. குறைந்தது இரண்டு வாரம். பூனைப் பார்வோ என்ற கொடிய வைரஸ் கிருமி தொற்றிய பின் 2 முதல் 10 நாள்வரை வெளியே தெரியாது. அதனால்தான் இந்தக் கணக்கு. பெரியதற்குத் தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் உடனே கிளினிக்கில் கேளுங்கள். கிருமி தரையில் ஓராண்டுகூட உயிரோடு இருக்கும். அழுக்கை முதலில் கழுவிவிட்டு, 1 பங்கு குளோரோக்ஸுக்கு (துணி வெளுக்கும் பிளீச்) 32 பங்கு தண்ணீர் கலந்து, 10 நிமிடம் ஈரமாகவே விடுங்கள். அழுக்கு மேல் ஊற்றினால் வேலை செய்யாது.

குட்டி நலமென்று மருத்துவர் சொன்ன பிறகு வாசனைப் பழக்கம். துணியால் குட்டியின் கன்னத்தைத் தேய்த்துப் பெரியதன் சாப்பாட்டுத் தட்டுக்குக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பெரியதன் வாசனையைக் குட்டிக்கும் அப்படியே. மோந்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டால், மூடிய கதவின் இரு பக்கமும் சோறு வைத்து, தட்டை நாளுக்கு நாள் கதவருகே நகர்த்துங்கள். அதற்குப் பிறகே வலைத் தடுப்பு வழியாக முகம் பார்ப்பது, ஒரு தடவைக்கு 5 நிமிடம். சீறல் சாதாரணம். காதை மடக்கி, இமைக்காமல் முறைத்து உறுமினால் முந்தின படிக்குத் திரும்புங்கள். சண்டை மூண்டால் கையை நீட்டாமல் நடுவே அட்டையைச் செருகுங்கள்.

இரண்டு பூனைக்கு எத்தனை மணல் தட்டு?

மூன்று. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் பூனைக்கு அது ஒரே இடம்தான்; தள்ளித் தள்ளி வையுங்கள்.

புக்கிட் மெர்தாஜாமில் தரை வீடு. இரண்டு நாய்களோடு மூன்றாவது சேர்க்கப் போகிறோம்.

வாசலில் சந்திக்க விடாதீர்கள். அது பழைய நாய்களின் எல்லை. இரண்டையும் சேர்த்து அழைத்துப் போகவும் வேண்டாம், ஒவ்வொன்றாக. பொதுத் திடலில் ஆளுக்கொரு நாயைப் பிடித்து, சாலையின் அகலம் இடைவெளி விட்டு, ஒரே திசையில் 20 நிமிடம் நடங்கள். வாரை இழுத்துப் பிடித்தால் நாய் விறைக்கும், தளர்வாக விடுங்கள். மெல்ல நெருங்கி, மூன்று விநாடி மோந்ததும் கூப்பிட்டு விலக்குங்கள். வீட்டுக்குள் நுழையுமுன் எலும்பு, பந்து, சோற்றுத் தட்டு எல்லாம் எடுத்துவிடுங்கள். பல சண்டைகள் இவற்றுக்காகத்தான். ரேபிஸ் ஊசியை மறக்க வேண்டாம். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் அது பரவியது நினைவிருக்கும்.

நாய்க்குப் போடும் தெள்ளு மருந்தைப் புதுப் பூனைக்கும் கொஞ்சமாகப் போடலாமா?

ஒரு சொட்டுகூட வேண்டாம்மா. நாய் மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உண்டு, அது பூனைக்கு நஞ்சு. நடுக்கம், வலிப்பு வந்து செத்தும் போகலாம். அதை நாய்க்கு மட்டும் போட்டாலும் 72 மணி நேரம் பூனை அதோடு உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்பால் வெதுவெதுப்பான நீரில் கழுவி, காத்திராமல் கிளினிக்குக்கு ஓடுங்கள்.

எடுத்து வந்த பூனைக்கு மூக்கில் ஆறாத புண். மற்றவற்றோடு விடலாமா?

கூடாது. நம் நாட்டுப் பூனைகளில் ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற பூஞ்சை நோய் உண்டு. கீறல், கடி வழியாக மனிதருக்கும் தொற்றும். கையுறை போட்டுத் தொடுங்கள், புண்ணிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இட்ராகோனசோல் மாத்திரை மாதக்கணக்கில் கொடுப்பார்கள். புண் மூடியதும் நிறுத்தினால் திரும்ப வரும். ஆறிய பிறகும் குறைந்தது ஒரு மாதம் தொடர வேண்டும். அதுவரை தனி அறைதான்.