அந்தக் காலத்து ஆட்களுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும்? வேதாகமம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமம் 15-ல் ஆபிராம் (பிறகு ஆபிரகாம்) மிருகங்களை இரண்டாக வெட்டி எதிரெதிரே வைக்கிறார், இருட்டியதும் புகைகிற சூளையும் நெருப்பும் நடுவே போகின்றன. என்னதான் நடக்கிறது?

பதில்: அது கடவுளுக்கும் ஆபிராமுக்கும் நடுவே நடக்கும் உடன்படிக்கைச் சடங்கு. வெட்டிய துண்டுகளுக்கு நடுவே நடந்து, "வாக்கு மீறினால் எனக்கும் இதே கதி" என்று தன்னையே சபித்துக்கொள்வது. எரேமியா 34:18-ஐப் பாருங்கள், எருசலேம் பிரபுக்கள் கன்றுக்குட்டியின் துண்டுகளுக்கு நடுவே நடந்துவிட்டு, அடிமைகளை விடுவிப்போம் என்று சொன்னதை மீறியதற்காகத் திட்டு வாங்குகிறார்கள். சிரியாவில் செஃபிரே என்ற இடத்தில் கிடைத்த கி.மு. 8-ம் நூற்றாண்டுக் கல்வெட்டிலும், இந்தக் கன்று வெட்டப்படுவதுபோல மத்தியேல் என்ற அரசன் வெட்டப்படட்டும் என்று வருகிறது. வழக்கமாக இப்படிச் சாபத்தைச் சுமப்பவன் பணிந்து போகிற சிற்றரசன்தான். இங்கேயோ ஆபிராம் அயர்ந்து தூங்குகிறார், நடுவில் கடந்து போவது கடவுளைக் குறிக்கும் நெருப்பு! முதலில் கேட்டவர்கள் நிச்சயம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

கேள்வி: நோவாவின் வெள்ளக் கதை பாபிலோனியர்களிடமிருந்து காப்பியடித்ததுதானே?

பதில்: ஜார்ஜ் ஸ்மித் என்ற ஆங்கிலேய அறிஞர் 1872-ல், பழைய மெசொப்பொத்தேமியக் காவியமான கில்காமேஷின் வெள்ளக் கதையை லண்டனில் வாசித்ததிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. கப்பல், பறவைகளை அனுப்புவது, கடைசியில் பலி, எல்லாம் அங்கேயும் உண்டு, அந்தக் கதை ஆதியாகமத்தைவிடப் பழையது என்பதிலும் பெரிய சண்டை இல்லை. ஆனால் ஊருக்கே தெரிந்த கதையை ஒருவர் திரும்பச் சொல்லும்போது எதை மாற்றுகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே தேவர்கள் பலியின் வாசனைக்கு ஈக்களைப்போல மொய்க்கிறார்கள். இங்கே வாசனையை முகர்ந்த கடவுள், இனி பூமியைச் சபிப்பதில்லை என்கிறார்.

கேள்வி: கண்ணுக்குக் கண் என்பது காட்டுமிராண்டித்தனம் இல்லையா?

பதில்: இன்றைய கண்ணுக்கு அப்படித்தான் தெரியும், நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒரு கண்ணுக்குப் பதில் ஒரு குடும்பத்தையே தீர்த்துக்கட்டும் பழிவாங்கலுக்கு அது ஒரு வரம்பு. பாபிலோன் அரசன் ஹமுராபியின் சட்டத்தில் (சுமார் கி.மு. 1750) மேல்தட்டு ஆளின் கண்ணைக் கெடுத்தால் கண் போகும், இன்னொருவரின் அடிமையின் கண் என்றால் அவன் விலையில் பாதியைக் கட்டினால் போதும். யாத்திராகமம் 21:26-ல் எஜமான் தன் சொந்த அடிமையின் கண்ணைக் கெடுத்தாலே அவனை விடுதலை செய்ய வேண்டும். அடிமைமுறை அப்படியே இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் தொல்லியல் படிக்காதவனுக்கு வேதம் புரியாதா?

பதில்: சேச்சே. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று தொடங்கும் 23-ம் சங்கீதத்துக்கு எந்தக் கல்வெட்டும் வேண்டாம்.

கேள்வி: ஐசுவரியவான் கடவுளுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொல்கிறார். அந்த ஊசியின் காது என்பது எருசலேமில் இருந்த குறுகிய வாசல், ஒட்டகம் மண்டியிட்டால் நுழையலாம் என்று பிரசங்கத்தில் கேட்டேன். இதுவும் பின்னணிதானே?

பதில்: அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரமே இல்லை, பல நூற்றாண்டுகள் கழித்து வந்த விளக்கம் அது. "அந்தக் காலத்தில் இப்படித்தான்" என்று யாராவது ஆரம்பித்தால், எந்த நூற்றாண்டு, எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். ஐசுவரியவானைப் பற்றிய அந்த வசனம் நடக்கவே முடியாததைச் சொல்கிற மிகைப்பேச்சு, சீஷர்களே திகைத்துப்போய் "அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படுவார்" என்று கேட்கிறார்கள். யூத ரபீக்களின் விவாதத் தொகுப்பான பாபிலோனிய தல்மூதிலும் இதே மாதிரிப் பேச்சு வருகிறது, அங்கே ஊசியின் காதில் நுழைவது யானை.