வயிற்றுப்போக்கு நின்றது சரி, சிறுநீர் போனதா?

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு பார்க்க வந்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் நீங்கள் சமைத்துப் போட்ட ஆட்டுக்கறிக் குழம்பால் பலருக்கும் வயிற்றுப்போக்கு கண்டு, உங்கள் மாமியாரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவந்திருக்கிறது. அவருடைய சிறுநீரகம் நிரந்தரமாகக் கெட்டுவிட்டதோ என்பதுதான் உங்கள் நீண்ட கடிதத்தில் இருக்கும் உண்மையான கேள்வி. கெடவில்லை. மருத்துவமனையில் சேர்த்தபோது 2.8 ஆக இருந்த கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய, ரத்தத்திலுள்ள கழிவு), நான்காம் நாள் வீடு திரும்பும்போது 1.1-க்கு இறங்கியிருப்பதை நீங்கள் இணைத்திருக்கும் அறிக்கையே காட்டுகிறது. உடலில் நீர் வற்றியதால் சுணங்கிய சிறுநீரகம், ரத்த நாளம் வழியாக நீர் ஏற்றியதும் மீண்டிருக்கிறது. டயாலிசிஸ் குறித்து யூடியூபில் இரவு முழுவதும் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பேசுவது வேறு நோயைப் பற்றி.

அலுமினிய அண்டாவில் சமைத்ததால் இந்த வயிற்றுப்போக்கு வரவில்லை. கறியோடு தயிர்ப் பச்சடி சேர்ந்தால் விஷமாகும் என்பது கட்டுக்கதை. கறிக்கடைக்காரர் மீதும் பழி போட வேண்டாம். காலையில் வாங்கிய கறி நல்ல கறியாகத்தான் இருந்திருக்கும். திருஷ்டி கழிப்பதற்கு நான் தடை சொல்லப் போவதில்லை, ஆனால் அதைச் செய்துவிட்டு அடுத்த முறையும் குழம்பை அண்டாவிலேயே விட்டுவைத்தால் இதே கதைதான் நடக்கும்.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள் என்று மாட்டுப் பொங்கல் இரவே குழம்பை வைத்து இறக்கி, மூடி போட்டு, விறகடுப்பின் மேலேயே விட்டுவிட்டுப் படுத்திருக்கிறீர்கள். பனிக்காலம்தானே, கெடாது என்று நினைத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மதுரைப் பக்கத்துத் தை மாத இரவு நமக்குத்தான் குளிர். வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும், குளிர்சாதனப் பெட்டிக்குள் இருப்பதோ 5 டிகிரிக்கும் கீழே. கறியில் இயல்பாகவே இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. குழம்பு கொதிக்கும்போது அதிலுள்ள காற்று வெளியேறிவிடுகிறது, மேலே எண்ணெய் ஆடை மிதக்கிறது, அண்டாவின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. காற்றில்லாத வெதுவெதுப்பு அந்த வித்துகளுக்கு மிகவும் ஏற்ற இடம். 45 டிகிரியை ஒட்டிய சூட்டில் அவை முளைத்து, ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இத்தனைக்கும் குழம்பு நுரைக்காது, ஊசிய வாடையும் வராது. மதியம் சாப்பிட்டவர்களுக்கு நள்ளிரவில் வயிற்றை முறுக்கிக்கொண்டு தண்ணீராகப் போனதும், காய்ச்சலோ வாந்தியோ இல்லாததும், மறுநாள் மாலைக்குள் பெரும்பாலோருக்குத் தானே அடங்கியதும் இதற்கு அப்படியே பொருந்துகின்றன. பரிமாறுவதற்கு முன் குழம்பை ‘இளஞ்சூடாக்கினோம்’ என்கிறீர்கள். அதுவே தளதளவென்று கொதித்திருந்தால், முளைத்தெழுந்த பாக்டீரியாக்கள் செத்திருக்கும்.

இனி நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதிக்கு வருகிறேன். உங்கள் மாமியாருக்கு 71 வயது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. விடிவதற்குள் ஏழெட்டு முறை போன பிறகு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். போக்கு நின்றது, அவர் படுத்துவிட்டார், ‘அத்தை அசதியில் நன்றாகத் தூங்குகிறார்’ என்று எல்லோரும் நிம்மதியடைந்தீர்கள். அந்தத் தூக்கம்தான் ஆபத்தின் அறிகுறி. அன்று காலையிலிருந்து இரவு வரை அவர் சிறுநீர் கழிக்கவே இல்லை என்பதை மருத்துவர் கேட்ட பிறகுதான் உங்களில் ஒருவர் யோசித்துப் பார்த்திருக்கிறார். வயிற்றுப்போக்கு கண்ட முதியவர் எத்தனை முறை வெளியே போனார் என்று எண்ணுகிற குடும்பங்கள், எத்தனை முறை சிறுநீர் கழித்தார் என்று எண்ணுவதில்லை. 8 மணி நேரத்துக்குச் சிறுநீர் வரவில்லை, அல்லது சொட்டாக, அடர்ந்த நிறத்தில் வருகிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, பேச்சில் தொய்வு இருக்கிறது என்றால், போக்கு நின்றிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மலத்தில் ரத்தம் கண்டாலும் கடுங்காய்ச்சல் இருந்தாலும் அப்படியே.

மருந்துக்கடை உறையின் படத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. போக்கை நிறுத்த ஒன்று, தேவையே இல்லாத ஆன்டிபயாட்டிக் ஒன்று, வயிற்று வலிக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை ஒன்று. போக்கை நிறுத்தும் மாத்திரை, இழந்த நீரைத் திருப்பித் தருவதில்லை. ஏற்கெனவே சிறுநீரைப் பெருக்கும் மருந்து கலந்த ரத்த அழுத்த மாத்திரையை விழுங்கிக்கொண்டு, நீர் வற்றிக் கிடக்கும் ஒருவருக்கு அதன் மேல் டைக்ளோஃபெனாக்கையும் கொடுப்பது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை இரண்டு பக்கமும் அடைப்பதற்குச் சமம். குழம்பு தொடங்கிவைத்ததை இந்த உறைதான் முற்றவைத்தது. இதுபோன்ற நாள்களில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளில் எதை நிறுத்திவைப்பது, எதைத் தொடர்வது என்பதைக் கடைக்காரரிடம் கேட்காமல், அவற்றை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் அன்றைக்கே கேளுங்கள். இன்சுலின் போடுபவராக இருந்தால் தாமாக நிறுத்தவே கூடாது.

தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் வேண்டாம் என்று மாமியார் மறுத்தாராம். ஒரு லிட்டர் கரைசலில் இருப்பது 13.5 கிராம் குளுக்கோஸ், ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி. நீர் வற்றிய உடம்புக்கு அது அவசியம். ஒரு லிட்டருக்கான பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, மடக்கு மடக்காகக் கொடுக்க வேண்டும். அரைப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கலக்கிக் கொடுப்பது தவறு. அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்களை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள்.

மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட வரும் பங்காளிகளுக்கு இனி சமைக்கவே மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகச் சமையுங்கள். முடிந்தவரை அன்றைய கறியை அன்றே ஆக்கிப் பரிமாறுங்கள். முதல் நாளே வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், இறக்கியவுடன் அகலமான பாத்திரங்களில் மூன்று விரற்கடை ஆழத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றி, தண்ணீர் நிறைந்த தாம்பாளங்களில் வைத்துக் கிளறி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் அடிவரை கிளறிக் கொதிக்கவைத்துச் சூடாகவே பரிமாறுங்கள். வெளியே விட்டுவைத்த சோற்றுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. அதில் உண்டாகக்கூடிய நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

விருந்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் ரத்தப் பரிசோதனை தேவையா என்றால், தேவையில்லை. உங்கள் மாமியாருக்கு மட்டும் மூன்று மாதம் கழித்து ஒருமுறை கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பாருங்கள்; அதுவரை மூட்டுவலிக்கென்று அவர் வாங்கிப் போடும் வலி மாத்திரைகளை அவர் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள்.